யாகப்பர் ஓடிக்கொண்டிருக்கிறது

"ஓடுதுன்னா ஏன் மைனி இன்னும் வரல?"

ஜெனோவா கேட்டது பிளாவியாவிடம். பார்த்துக்கொண்டிருந்தது அலுவலகச் சுவரில் மாட்டியிருந்த திரையை. சவேரியார்துறை விசைப்படகுகளின் பெயர்களெல்லாம் அதில் இருந்தன. கரையில் கிடப்பது வெள்ளை, கடலில் நிற்பது மஞ்சள், ஓடுவது பச்சை. யாகப்பர் பச்சையாக இருந்தது. அது ஜெனோவாவின் புருஷன் கஸ்பாரின் படகு. கஸ்பார் பிளாவியாவின் தம்பி.

"ராத்தங்கலுக்கு நின்னுருப்பான். மீன் பட்டிருக்கும்."

"நேத்து சாயங்காலம் வாரேன்னு சொன்னாவ. இன்னைக்குச் சின்னவ கோயில்ல புதுநன்மை வாங்குததுக்கு உடுப்பு எடுக்கப் போணும். அவியளே வச்ச நாளு. என் தம்பியும் கூடப் போயிருக்கான். அவனாவது ஒரு போன் அடிக்க மாட்டானா?"

"நடுக்கடல்ல எங்கட்டி சிக்னல்?"

"உங்க மாமியாளுக்கு மட்டும் எல்லாம் கேக்குதே."

மாமியார் என்பது கடலுக்கு அடியில் கிடந்த தகவல் வடம். அந்தப் பெயர் ஒப்பந்தம் பேசிய அன்றைக்கே வந்துவிட்டது. கம்பெனியிலிருந்து ரகுநந்தன் என்கிற இன்ஜினியர் வந்து கோயில் மண்டபத்தில் நின்று விளக்கினான். "உள்ள கண்ணாடி இழை. அதுல வெளிச்சம் ஓடுது. கடல் தரையில எது அசைஞ்சாலும் அந்த வெளிச்சம் நடுங்கும். நடுக்கத்தப் படிச்சா சத்தம் கிடைக்கும். மீன் கூட்டம் எந்தப் பக்கம் திரும்புது, எந்தப் படகு வடத்துக்குப் பக்கத்துல மடிவலை இழுக்குது, எல்லாம் தெரியும். மீன் எங்கேன்னு நாங்க உங்களுக்குச் சொல்றோம். நீங்க வடத்து மேல மடி இழுக்காதீங்க."

பின்வரிசையிலிருந்து ஒரு குரல்: "அப்ப என் மாமியா மாதிரின்னு சொல்லும். சும்மா படுத்துக் கெடக்கும். ஆனா அம்புட்டையும் கேக்கும்."

மண்டபம் சிரித்தது. ரகுநந்தனும் சிரித்தான். சிரித்துவிட்டு, "வலையைக் கேப்போம், எஞ்சினைக் கேப்போம், மனுஷங்களைக் கேக்க மாட்டோம். அதையும் எழுதிக் குடுக்குறோம்," என்றான். எழுதியும் கொடுத்தார்கள். மீறி வடத்தருகே மடி இழுக்கிற படகுக்கு மீன் தகவல் நிறுத்தப்படும். அதற்குத் துறையில் வாய்ப்பூட்டு என்று பெயர். இரண்டு பக்கத்துக்கும் நடுவில் உட்கார ஓர் ஆள் தேவைப்பட்டது. படித்தவளாக இருக்க வேண்டும், துறைக்காரியாகவும் இருக்க வேண்டும். பிளாவியா உட்கார்ந்தாள். அன்றிலிருந்து இரண்டு பக்கமும் அவளைத்தான் திட்டுகின்றன.

அவள் கம்பெனிக்குப் போன் போட்டாள்.

"மேடம், நானே கூப்பிடணும்னு இருந்தேன்," என்றான் ரகுநந்தன்.

"யாகப்பர் எங்க இருக்கு தம்பி?"

"ஓடிட்டிருக்கு. திரையில பச்சை வரலையா?"

"பச்சை வருது. ஆள் வரல."

"வந்துருவாங்க மேடம். இப்ப பிரச்சினை சம்மனசுதான். நேத்து அது எஞ்சின் நின்னு போச்சு. நங்கூரம் போட்டிருக்காங்க. அது நேரா எங்க வடத்துல மாட்டியிருக்கு. காத்து ஏற ஏற இழுக்குது. ஒப்பந்தப்படி கயிறை வெட்டி விட்டுட்டுச் சொல்லணும். நங்கூரத்துக்கு உண்டானதக் குடுத்துடுவோம்ல? ஏன் வெட்ட மாட்டேங்குறாங்க?"

திரையில் சம்மனசு மஞ்சளாக இருந்தது. அது மோத்தாவின் படகு.

"நான் அவன்கிட்டப் பேசுதேன்."

"சீக்கிரம் மேடம். நண்டு கிளம்பிருச்சு."

நண்டு கடலடியில் வடத்தை ஒட்டியே ஊர்ந்து போகும் எந்திரம். சிக்கியது கயிறோ வலையோ, வெட்டிவிட்டுத் திரும்பும். ஓட்ட ஆள் கிடையாது.

"எப்பப் போய்ச் சேரும்?"

"மத்தியானத்துக்குள்ள."

பிளாவியா வயர்லெஸ்ஸை எடுத்தாள். "சம்மனசு, சம்மனசு. கரையில இருந்து பேசுதேன். மோத்தா, கேக்குதா?"

"சொல்லுக்கா." பின்னால் எஞ்சின் இரைந்தது.

"உன் நங்கூரம் மாமியா கழுத்துல கெடக்காம். வெட்டி விடுல."

"எந்த நங்கூரம்? நான் மடி இழுத்துக்கிட்டு ஓடிக்கிட்டு இருக்கேன். நங்கூரம் இந்தா அணியத்துல கெடக்கு. காலைல கால்ல இடிச்சு நகம் பேந்து போச்சு."

"திரையில நீ மஞ்சளா நிக்க."

"நானா?" என்றான். எஞ்சின் சத்தம் குறைந்தது. பிறகு, "யாகப்பர் என்ன நிறம்க்கா?"

"பச்சை. ஓடுது."

எஞ்சின் சத்தம் இன்னும் தாழ்ந்தது.

"மோத்தா?"

"அக்கா, அந்த நங்கூரத்த வெட்ட வேண்டாம்னு சொல்லு."

"யார் நங்கூரம்ல அது?"

"வெட்ட வேண்டாம்னு மட்டும் சொல்லு. ஏன்னு கேக்காத. எல்லாப் படகும் கேட்டுக்கிட்டு இருக்கு." நிறுத்திவிட்டான்.

பிளாவியா திரும்பினாள். ஜெனோவா இப்போது திரையைப் பார்க்கவில்லை. தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏட்டி, உனக்கு என்ன தெரியும்?"

"எனக்கு ஒண்ணும் தெரியாது."

"ஜெனோ."

"ஆம்பளைய எல்லாரும் அணியத்துல கை வச்சிருக்காவ மைனி. நான் சொல்லி என் புருஷன் பேரு கெடணுமா?"

அணியம் என்பது படகின் முன்முனை. துறையில் ஒருவன் அதில் கை வைத்து ஒன்றைச் சொன்னால் செத்தாலும் மாற்றக்கூடாது. மாற்றினவனுக்குப் படகு தள்ள ஒரு கை வராது, வலை தூக்க ஒரு கை வராது. அவன் மகளுக்கு மாப்பிள்ளை கூட வராது என்பார்கள்.

"வா என் கூட," என்றாள் பிளாவியா.

சங்கத் தலைவர் கொரேரா ஏலக்கூடத்தில் ஐஸ் பெட்டியின் மேல் உட்கார்ந்து வேர்க்கடலை உடைத்துக்கொண்டிருந்தார். மீன் வாங்க வந்த பெண்கள் கூடைகளோடு காத்திருந்தார்கள். கச்சான் காற்று கூரைத் தகரத்தைத் தூக்கித் தூக்கிப் போட்டது.

"அண்ணாச்சி, வடத்துல மாட்டியிருக்கது யாரு நங்கூரம்?"

"கம்பெனி என்ன சொல்லுது?"

"சம்மனசுன்னு சொல்லுது."

"அப்பச் சம்மனசுதான். அவங்க படிச்சவங்க."

"மோத்தா ஓடிக்கிட்டு இருக்கான் அண்ணாச்சி. நான் இப்பத்தான் பேசுனேன். அவன் எஞ்சின் சத்தம் என் காதுலயே கேட்டுது. அவன் ஓடுனா யாகப்பர்னு காட்டுது. அப்ப கஸ்பார்தான் நிக்கான். நேத்துல இருந்து எஞ்சின் இல்லாம நிக்கான். வயர்லெஸ் பேட்டரியும் போயிருக்கும். நீங்க ஏதோ பண்ணியிருக்கீங்க. என்ன பண்ணீங்க?"

கொரேரா ஒரு கடலையை ஊதினார். "கடலுக்குள்ள சத்தம் அங்கயும் இங்கயும் போவும் மவளே."

"மத்தியானம் நண்டு போய்க் கயித்த வெட்டிரும். வெட்டினா அஞ்சு பேரும் இந்தக் காத்துல எங்க போய் ஒதுங்குவாங்க?"

"இடத்தக் கேளு. படகு அனுப்புவோம்."

"நமக்கு வடம் போற பக்கம் மட்டும்தான் தெரியும், சரியா எங்க கெடக்குன்னு தெரிஞ்சிரும்னு இடத்தச் சொல்ல மாட்டாங்க. ஆபத்துல இருக்க படகுன்னு பதிஞ்சா மட்டும்தான் சொல்லுவாங்க. யாகப்பர் ஓடுதுன்னுல்லா பதிஞ்சிருக்கு. அது யாகப்பர் இல்லன்னு சங்கம் எழுதிக் குடுத்தாப் போதும். ஒரே ஒரு வரி."

"அந்த ஒரு வரியில என்ன இருக்கும்? நாங்க ஏமாத்துனோம்னு இருக்கும். நாளைக்கே வாய்ப்பூட்டு. ஒரு படகுக்கு இல்ல, மொத்தத் துறைக்கும். இந்த மீன் தகவல் இல்லாம இப்ப எவன் கடலுக்குப் போறான், சொல்லு? அம்புட்டுப் பேரு அடுப்பும் அதுலதான் எரியுது. கஸ்பாரு கடல் தெரிஞ்சவன். சமாளிச்சிருவான். சொன்னா ஒப்பந்தம் முறிஞ்சிரும் மவளே."

"அண்ணாச்சி."

இது ஜெனோவா. கொரேரா அவளை அப்போதுதான் பார்த்தார்.

"நான் அணியத்தத் தொட்டிருக்கேனா?"

"என்னம்மா பேச்சு இது?"

"கல்யாணம் முடிஞ்ச மறுநாளு படகு பாக்கப் போனேன். தெரியாம அணியத்துல சாஞ்சிட்டேன். பொம்பளை கை பட்டுப் போச்சுன்னு உங்க வீட்டம்மாதான் என்னைய வெரட்டுனாவ. நான் தொட்ட எடத்துல உப்புத் தண்ணி ஊத்திக் கழுவுனீங்க. ஞாபகம் இருக்கா? தொடவே விடாத எடத்துல வச்ச சத்தியம் எனக்கு எப்படி அண்ணாச்சி சேரும்?"

கொரேரா கடலையைக் கீழே வைத்தார். "ஜெனோவா, வீட்டுக்குப் போ."

அவள் பிளாவியாவின் பக்கம் திரும்பிச் சொல்ல ஆரம்பித்தாள். "படகுகளுக்குள்ள புரொப்பெல்லர மாத்தி மாத்தி மாட்டிக்கிடுவாவ மைனி. மாமியாளுக்குப் படகு தெரியாது, அது சுத்துற சத்தம்தான் தெரியும். எவன் வடத்துப் பக்கம் மடி இழுத்தாலும் வேற ஒருத்தன் பேருல விழும். பேரு விழுந்தவன், நான் அன்னைக்குக் கரையில கெடந்தேன், போட்டோ பாருன்னுவான். வாய்ப்பூட்டு ரத்தாயிரும். என் தம்பி லிகோரிதான் முங்கி முங்கி மாத்துவான். யாகப்பர்ல இருந்தது இப்ப சம்மனசுல. சம்மனசுல இருந்தது யாகப்பர்ல."

"எங்க வீட்டுது ஆரோக்கியநாதர்ல," என்றாள் கூடையோடு நின்ற ஒருத்தி.

"ஆரோக்கியநாதர்து எங்கதுல."

"எங்கது இப்ப எதுல கெடக்குன்னு எங்க வீட்டு ஆம்பளைக்கே தெரியாது. அம்புட்டு வாட்டி மாத்தியாச்சு."

யாரோ சிரித்து, உடனே வாயைப் பொத்திக்கொண்டாள். ரத்தான ஒவ்வொரு வாய்ப்பூட்டுக்கும் பிளாவியாதான் கம்பெனியோடு சண்டை போட்டிருக்கிறாள். எங்கள் ஆட்கள் பொய் சொல்ல மாட்டார்கள் என்று தொண்டை வறளக் கத்தியிருக்கிறாள். துறைப் பெண்கள் எல்லோருக்கும் தெரிந்த ஒன்று சம்பளம் வாங்குகிற அவளுக்கு மட்டும் தெரியவில்லை.

"இப்பவாவது எழுதிக் குடுங்க அண்ணாச்சி."

"பொம்பளைய பேச்சு சங்கத்துப் பேச்சு ஆகாது. தீர்மானம் வேணும்னா கூட்டம் கூட்டணும். ஆம்பளைய கடல்ல கெடக்காவ. வந்த பொறவு கூட்டுதேன்."

"வராதவனுக்காகத்தான் கூட்டணும். வந்த பொறவு எதுக்கு?"

கொரேரா மறுபடி கடலையை எடுத்துக்கொண்டார். ஆனால் உடைக்கவில்லை.

அறைக்குத் திரும்பி ஓடி வந்தபோது திரை அப்படியே இருந்தது. யாகப்பர் பச்சை. பிளாவியாவுக்கு அதன் மேல் கையில் கிடைத்ததை எறிய வேண்டும்போல் இருந்தது. போனை ஒலிபெருக்கியில் போட்டாள்.

"தம்பி, நங்கூரம் போட்டிருக்கது என் தம்பி. புரொப்பெல்லர மாத்தி மாட்டியிருக்காங்க. நண்ட நிறுத்துங்க, இடத்தச் சொல்லுங்க."

"சங்கம் எழுத்துல குடுக்குமா மேடம்?"

"குடுக்காது."

"அப்ப நான் என்ன செய்ய முடியும்?"

"அஞ்சு உசுரு இருக்கு தம்பி அதுல."

அந்தப் பக்கம் ஒரு கதவு சாத்தும் சத்தம் கேட்டது. ரகுநந்தனின் குரல் தாழ்ந்தது. "மேடம், ஒண்ணு சொல்றேன். நான் சொன்னதா இருக்கக்கூடாது. எங்களுக்குத் தெரியும்."

"என்ன தெரியும்?"

"புரொப்பெல்லர் மாத்துறது. முதல் மாசத்துல இருந்தே தெரியும். புரொப்பெல்லர மாத்தலாம், கையை மாத்த முடியாதுல்ல? எஞ்சினைக் கிளப்புறதுல, ஏத்துறதுல, திருப்புறதுல ஒவ்வொருத்தருக்கும் ஒரு கைவாகு இருக்கு. மிஷின் தானாக் கத்துக்கிச்சு. எந்தப் படகுல யார் நிக்கிறாங்கன்னு அதுக்குத் தெரியும்."

"நேத்து நின்னது கஸ்பார்னு?"

அந்தப் பக்கம் நாற்காலி கிரீச்சிட்டது.

"நேத்தே தெரியுமா தம்பி?"

"தெரியும்."

"அப்ப ஏன் இதுல பச்சை எரியுது?"

"திரையில புரொப்பெல்லர் பேரத்தான் போடணும் மேடம். மனுஷங்களக் கேக்க மாட்டோம்னு கையெழுத்துப் போட்டிருக்கோம். கேட்டுட்டுத்தான் இருந்தோம்னு தெரிஞ்சா சங்கம் சும்மா விடுமா? வடம் அறுந்து போகாம இருக்கே, அது போதும், கண்டுக்காதேன்னு மேல சொல்லிட்டாங்க. சொன்னா ஒப்பந்தம் முறிஞ்சிரும் மேடம்."

கடலை உடைத்தவர் சொன்ன அதே வார்த்தைகள். ஏலக்கூடத்து ஐஸ் பெட்டியிலும் சென்னையில் கம்பெனியின் ஏசி அறையிலும் ஒரே வார்த்தைகள். ஊமை நாடகம் ஆடுகிறவர்களுக்கு நடுவில் உட்கார்ந்து இத்தனை நாள் அவள் மொழிபெயர்த்துக்கொண்டிருந்திருக்கிறாள்.

பிளாவியா இடது கையால் வயர்லெஸ்ஸை எடுத்துப் போனுக்குப் பக்கத்தில் பிடித்தாள். பொத்தானை அழுத்தினாள்.

"இப்பச் சொன்னத இன்னொரு தடவை சொல்லுங்க தம்பி. எனக்குச் சரியா வெளங்கல."

பாவம், அவன் சொன்னான். இன்னும் விளக்கமாகவே சொன்னான். முதல் மாதம், கைவாகு, கஸ்பார், நேற்று. கடலில் கிடந்த அத்தனை படகும் கேட்டது.

"இப்ப அந்த இடத்துல என்ன கேக்குது?"

"எஞ்சின் இல்ல. கயிறு வடத்துல உரசுது. அப்புறம் காலைல இருந்து ஏதோ தட்டுற சத்தம். விட்டு விட்டு வருது. படகுல ஏதோ கழண்டு ஆடுதுன்னு நினைக்கிறேன்."

ஜெனோவா மேசையைச் சுற்றி வந்து போனின் மேல் குனிந்தாள்.

"ஒரு தட்டா, ரெண்டு தட்டா?"

"யாருங்க?"

"கனமா ஒண்ணு, பொறவு மெலிசா ஒண்ணு. அப்படியா வருது?"

அவன் கவனித்தான். "ஆமாங்க. கனமா ஒண்ணு வருது. கொஞ்சம் விட்டு மெலிசா ஒண்ணு."

"அது கழண்டு ஆடல. அது என் தம்பி. லிகோரி அடியில இருக்கான். எங்க அப்பா சங்கு குளிச்சவரு. மேல இருக்கவன் பலகையத் தட்டணும், முங்குனவன் கீழ இருந்து பதில் தட்டணும். பதில் வர்ற வரைக்கும் ஆள் இருக்கான்னு அர்த்தம். புரொப்பெல்லர்ல எதையோ எடுக்க முங்கியிருக்கான். கயித்த வெட்டுனா படகு சடார்னு திரும்பிரும். அவன விட்டுட்டுப் போயிரும். வெட்டாதீங்க."

"நண்டை நிறுத்துறது என் கையில இல்லைங்க. மேல கேக்கணும்."

"கேளுங்க," என்றாள் பிளாவியா. "அதுக்கு முன்னாடி இடத்தச் சொல்லுங்க."

"மேடம், எனக்கு வேலை போயிரும்."

"போகும். சொல்லுங்க."

ரகுநந்தன் இரண்டு எண்களைச் சொன்னான். யாருக்கும் சொல்லக்கூடாத எண்கள். பிளாவியா பொத்தானை விட்டாள். விட்ட உடனே மோத்தாவின் குரல் பாய்ந்தது.

"கேட்டுட்டேன்க்கா. மடிய அறுத்து விட்டுட்டேன். அந்த எடம் எனக்குக் கிழக்கதான். போறேன்."

அவனுக்குப் பின்னால் வேறு குரல்களும் ஒன்றன் மேல் ஒன்றாக வந்தன. ஆரோக்கியநாதர் போகிறது. இன்னொன்று போகிறது. திரையில் மஞ்சளாக நின்ற பெயர்களும் ஒவ்வொன்றாகப் பச்சையாயின, சம்மனசைத் தவிர. எல்லாவற்றுக்கும் தவறான பெயர்.

போனில் ரகுநந்தன் யாரிடமோ கெஞ்சிக்கொண்டிருந்தான். யாரோ நிதானமாக ஏதோ கேட்டார்கள். அவன் மறுபடி முதலிலிருந்து சொன்னான். வேறொருவர் வந்தார். மறுபடி முதலிலிருந்து.

"தம்பி, நண்டு எங்க இருக்கு?"

"சேர்ந்துருச்சு மேடம்."

"நிறுத்தியாச்சா?"

"யார் கையெழுத்துப் போடணும்னு பேசிட்டு இருக்காங்க."

ஜெனோவா மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"மேடம்." அவன் குரல் மாறியிருந்தது. "கயிறு உரசுற சத்தம் நின்னுருச்சு."

"தட்டுறது?" என்றாள் ஜெனோவா.

"தட்டுது."

"ரெண்டுமா?"

"ஒண்ணு."

"எது?"

அவன் மறுபடி கேட்டுப் பார்த்தான்.

"கனமா தட்டுறது."

மோத்தா வெளிச்சம் இருக்கும்போதே யாகப்பரைக் கட்டி இழுத்து வந்தான். கஸ்பாரும் மூன்று பேரும் இறங்கினார்கள். கஸ்பாரின் வலது கைவிரல்கள் நிமிரவில்லை. கையிலிருந்த கட்டையை யாரோ பிடுங்க வேண்டியிருந்தது. நடந்தது ஒன்றும் பெரிய விஷயம் இல்லை. மாற்றி மாட்டிய புரொப்பெல்லர் யாகப்பருக்குச் சரியாகப் பொருந்தவில்லை. ஆடி ஆடி, பழைய வலைத்துண்டு ஒன்றை இழுத்துச் சுற்றிக்கொண்டு எஞ்சினை நிறுத்திவிட்டது. நங்கூரம் பிடித்துக்கொண்டதால் படகு அசையாமல் நின்றது. அந்தத் தைரியத்தில்தான் லிகோரி மறுநாள் காலையிலிருந்து முங்கி முங்கி அறுத்துக்கொண்டிருந்தான். இன்னும் கொஞ்சம்தான் பாக்கி என்று கடைசியாக மேலே வந்தபோது சொன்னானாம்.

எல்லாப் படகும் தேடியது. கம்பெனியும் ஒரு கப்பலை அனுப்பியது. மாமியாருக்கு இறால் திரும்புவது கேட்கும், மடிவலைப் பலகை தரையில் உரசுவது கேட்கும். தண்ணீரில் தனியாகக் கிடக்கிற மனிதன் அதற்குச் சத்தமே இல்லை.

ஆள் கிடைக்காமலே லிகோரிக்குப் பூசை வைத்த மறுவாரம் கொரேரா பிளாவியாவின் அறைக்கு வந்தார். உட்காரவில்லை.

"கம்பெனியோட பேசி முடிச்சாச்சு மவளே."

"என்ன முடிவு?"

"ஒப்பந்தம் தொடருது. இனிமே நடுவுல ஆள் வேண்டாம்னு ரெண்டு பக்கமும் நெனைக்கோம். நம்ம ரகசியத்த நீ வெளிய விட்டன்னு நம்ம ஆட்களுக்கு வருத்தம். அவங்க ரகசியத்த வெளிய விட்டன்னு அவங்களுக்கு வருத்தம்."

"முதல் தடவையா ரெண்டு பேரும் ஒண்ணு சொல்லியிருக்கீங்க."

"கிண்டல் பண்ணாத."

"நண்டு? அத எப்ப நிறுத்தலாம், யாரு நிறுத்தலாம், அதுக்கு என்ன முடிவு?"

"அதப் பத்திப் பேச்சு வரல."

"புரொப்பெல்லர் மாத்துறது?"

கொரேரா ஜன்னலைப் பார்த்தார். "அதப் பத்தியும் வரல."

"அப்ப என்னதான் பேசுனீங்க அண்ணாச்சி, அம்புட்டு நேரம்?"

"உன்னையப் பத்தித்தான்," என்றார் அவர். பொய் சொல்லவில்லை. சாவிக்குக் கை நீட்டினார்.

அவள் தேநீர்க் கெண்டியையும் குடையையும் எடுத்துக்கொண்டாள். ஜன்னலுக்கு வெளியே யாகப்பர் மேட்டில் ஏற்றிக் கிடந்தது. பின்பக்கம் பிரித்து வெறும் தண்டு நீட்டிக்கொண்டிருந்தது. சுவரில் அது பச்சையாக இருந்தது. யாகப்பர் ஓடிக்கொண்டிருந்தது.

சரி செய்த படகோடு கஸ்பார் மறுபடி கடலுக்குப் போக ஆரம்பித்தான். விரல்கள் நிமிர்ந்தன. சாப்பிட்டான், சின்னவளோடு விளையாடினான். ஜெனோவா கேட்டால், "அந்தப் பக்கமே நான் போறதில்ல," என்பான். வேறு எதுவும் சொல்ல மாட்டான்.

ஒரு பிற்பகல் ஜெனோவா பிளாவியாவின் அடுக்களையில் உட்கார்ந்து நெத்திலி ஆய்ந்துகொண்டிருந்தபோது போன் அடித்தது. தெரியாத எண்.

"மேடம், ரகுநந்தன். என் சொந்தப் போன்ல இருந்து பேசுறேன்."

"வேலை இருக்கா தம்பி?"

"இருக்கு. பேசுற இடத்துல இருந்து எடுத்துட்டாங்க. இப்ப கேக்குற வேலை மட்டும்தான்."

"யாரு மைனி?" என்றாள் ஜெனோவா.

"கம்பெனிக்காரத் தம்பி."

அவள் கை நெத்திலியில் நின்றது. பிளாவியா ஒலிபெருக்கியைப் போட்டாள். இனிமேல் யாரிடமிருந்தும் எதையும் மறைத்து வைக்க அவளுக்குச் சக்தி இல்லை.

"சொல்லுங்க."

"சொல்லக்கூடாது மேடம். மனுஷங்களக் கேக்க மாட்டோம்னு மறுபடியும் எழுதிக் குடுத்திருக்கோம். ஆனா… உங்க தம்பி தினமும் அந்த இடத்துக்கு வர்றாரு. அவர் கைதான், எனக்குத் தெரியும். வந்து எஞ்சினை நிறுத்திடுறாரு."

"மடி போடுதானா?"

"இல்ல. தட்டுறாரு."

அடுப்பில் உலை தளதளத்தது. யாரும் அதைத் தணிக்கவில்லை.

"ஒரு தட்டுத் தட்டிட்டுச் சும்மா இருக்காரு. மறுபடி தட்டுறாரு. அந்த நடு நேரத்துல நான் மத்த சத்தத்த எல்லாம் அடக்கிட்டுக் கேக்குறேன் மேடம். கப்பல், மீனு, அலை, எல்லாத்தையும் அடக்கிட்டு. அது தப்புதான். தெரிஞ்சா இந்த வேலையும் போயிரும்."

பிளாவியா கேட்க நினைத்ததை ஜெனோவா கேட்டாள்.

"பதில் வருதா?"

"இல்லைங்க."

ஜெனோவா மீன் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு எழுந்தாள். போனை வாங்கி வாய்க்குப் பக்கத்தில் பிடித்தாள். அது எவ்வளவு தூரம் கேட்கும் என்று அவளுக்குச் சந்தேகம் இருந்தது போல, சத்தமாகவும் நிறுத்தியும் பேசினாள்.

"நாளைக்கும் கேளுங்க."